கரையும் ஒரு தொழிற்கூடம்!



ஆறு நாள் ஆலைச் சங்கு அழைக்கிறது, ஓடுகிறோம். ஏழாம் நாள் எவரும் அழைப்பதில்லை. எங்கே போவதென்று தெரியாமல் திண்ணையிலே திகைத்து உட்காருகிறோம். சிலர் சினிமாக் கொட்டகைக்குப் போகிறார்கள். சிலர் கடைக்குப் போகிறார்கள். எந்தக் கடை என்று நான் விளக்க வேண்டியதில்லை! மீதிப் பேர் உறங்குகிறார்கள். உழைத்த உடல் உறங்கட்டும், தவறில்லை. ஆனால் அந்த ஏழாம் நாள் எப்படிக் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை. 1881இலே வெள்ளையர் ஆட்சியில் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தைத்தான் தொட்டது. வளர்ந்தவன் வாழ்வைத் தொடவேயில்லை. அதற்குப் பிறகு எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை தடியடி, எத்தனை சிறைவாசம்! அத்தனையும் கடந்துதான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று அது எழுதி வைத்தது. ஆகவே விடுமுறை என்பது தொழிலாளி போராடிப் பெற்ற சொத்து. சொத்தைப் பெற்றவன் அதை வீணடிக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் எங்கள் படிப்பகத்திலே ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தோம். "கடற்கரை ஊருக்குப் போய் வரலாமே!" என்றார் ஒரு தோழர். "அதெல்லாம் காசுள்ளவன் வேலை அய்யா! காரிலே வருவான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடப்பான், கோட்டையைப் பார்த்து 'ஆகா' என்பான், போய்விடுவான். நமக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்றார் இன்னொருவர்.

என்ன இருக்கிறது? பார்த்துவிடுவோம் என்று பதினோரு பேர் புறப்பட்டோம். நூற்பாலைத் தோழர்கள் நால்வர், பேருந்துப் பணிமனைத் தோழர்கள் மூவர், சுமை தூக்கும் தோழர்கள் இருவர், அச்சகத் தோழர் ஒருவர், நான் ஒருவன். கட்டுச் சோறு கையில். பேருந்துக் கட்டணம் பையில். அவ்வளவுதான் செலவு.

தரங்கம்பாடியிலே ஒரு பாடம்

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஒரு காலத்திலே இந்த ஊருக்கு இரயில் இருந்தது. 1926இல் போட்ட பாதை, 1986இல் நிறுத்திவிட்டார்கள். இன்று பேருந்துதான் துணை. 1792இல் எழுப்பப்பட்ட வெள்ளை வாயில் ஒன்று ஊர் முகப்பிலே நிற்கிறது. அதற்குள் நுழைந்தால் நேரான வீதி, பழைய மாளிகைகள், இரண்டு தேவாலயங்கள், வீதி முடிகிற இடத்திலே கடல்.

தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் குடியிருப்பு. அலை அடிக்கும் ஊர் என்பது பெயர்ப் பொருத்தம். அதற்கும் முன்னே இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர் இருந்ததாக, கரையிலே உள்ள மாசிலாமணி நாதர் கோவில் கல்வெட்டு சொல்லுகிறது. 1306இலே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்திலே எழுந்த கோவில் அது. டென்மார்க்குக்காரன் வாயிலே இந்தப் பெயர் நுழையவில்லை. 'டிராங்கிபார்' என்று ஆக்கிக்கொண்டான். ஊரைத் தின்றவனுக்குப் பெயரைக் கடிப்பதா பெரிது!

காலை வெயில் ஏறும் முன்பே கடற்கரைக்குப் போனோம். அங்கேதான் அந்தப் பாடம் கிடைத்தது.

கரையிலே ஃபைபர் படகுகள் வரிசையாகக் கிடந்தன. மணலிலே வலை விரித்துக் கிடந்தது. எங்களோடு வந்த இளந்தோழர் ஒருவர் — நல்ல பிள்ளை, சங்கக் கூட்டத்துக்குத் தவறாதவர் — படகின் விளிம்பிலே தாவி உட்கார்ந்தார். மற்றொருவர் வலையின் மேல் செருப்புக் காலோடு நின்று, கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கப் போனார்.

"ஏந்தம்பி, எறங்குங்க மொதல்ல!"

குரல் வந்த பக்கம் திரும்பினோம். பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாது. வலையின் மறு ஓரத்திலே உட்கார்ந்து அறுந்த கண்ணிகளைப் பின்னிக் கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"எந்த ஊரு நீங்க? என்னா தொழிலு?" என்றார்.

"ஆலையிலே வேலை பாக்குறோம் அய்யா" என்றார் இளந்தோழர்.

"ஆலைத் தொழிலாளியா? அப்ப ஒங்களுக்குச் சொன்னா வெளங்கும். ஒங்க ஆலைக்குள்ளாற நான் வந்து, ஓடுற மெசின் மேல செருப்புக் காலோட ஏறி நின்னு படம் புடிச்சா, விடுவீங்களா? இது எங்க ஆலை தம்பி. இந்த மணலு எங்க பட்டறை. ஒரு கண்ணி அறுந்தாப் போதும், அந்த ஓட்டை வழியா அன்னிக்குப் பாடே போயிடும். எம் பேரப்புள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் அதுலதான் இருக்கு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது! "மன்னிச்சுக்குங்க அய்யா, தெரியாமச் செஞ்சிட்டோம்" என்று இருவரும் செருப்பைக் கழற்றிக் கையிலே எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் சிரித்துவிட்டார். "தெரியாமச் செஞ்சா குத்தமில்ல. உக்காருங்க" என்றார்.

தோழர்களே, அந்த ஒரு சொல் எங்கள் பயணத்தையே மாற்றிவிட்டது. கடற்கரை என்றால் காற்று வாங்கும் இடம், காட்சி பார்க்கும் இடம் என்று எண்ணிப் போனோம். அது வேலை நடக்கும் இடம்! நமக்கு விடுமுறை நாள். அவருக்கு வேலை நாள். நமக்கு உல்லாச மணல், அவருக்கு உலைக்கூடம். இந்த உண்மையை உள்ளத்திலே வைத்துக்கொண்டு அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தோம். அதுவரை கண்ணுக்குத் தெரியாதவர்கள் எல்லாம் தெரியத் தொடங்கினார்கள்!

கோட்டைக்குள்ளே ஒரு கைம்பெண்ணின் கணக்கு

கரையோரத்திலே நிற்கிறது டேன்ஸ்போர்க் கோட்டை. டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்டியன் காலத்திலே, 1616இல் ஒரு வணிகக் கம்பெனி தொடங்கினார்கள். 1618இலே கப்பல் ஏறிய ஓவே யெட்டே என்பவர் 1620இலே தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்தார். நாயக்கர் தங்கத் தகட்டிலே எழுதிக் கொடுத்த கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வந்தவன் தங்கத் தகட்டைக் கொண்டு போனான். இருந்தவன் என்ன பெற்றான்? கோட்டைக்குச் சுண்ணாம்பு சுமந்தான், செங்கல் அடுக்கினான், தறியிலே நெய்த துணியைக் கிடங்கிலே கொண்டுபோய்க் கொட்டினான்.

கோட்டை இப்பொழுது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மேல் தளத்திலே ஆளுநர் குடியிருந்தார். கீழ்த் தளத்திலே கிடங்குகள், சிறை அறைகள். காற்றும் கடலும் மேலே. இருட்டும் புழுக்கமும் கீழே! கட்டடத்தின் அமைப்பே அந்நாளைய ஆட்சியின் அமைப்பைக் காட்டிவிடுகிறது அல்லவா?

இந்தக் கோட்டையிலே சிறை வைக்கப்பட்டவர்களிலே ஒருவர் சீகன்பால்க். ஜெர்மானியர். 1706 ஜூலையிலே இந்தக் கரையிலே இறங்கியவர். சமயம் பரப்ப வந்தவர். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். அவர் ஏன் சிறைப்பட்டார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

தரங்கம்பாடியிலே முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்து போனார். அவருக்கும் கம்பெனியிலே மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் ஒருவனுக்கும் இடையே ஒரு கடன் கணக்கு. அந்தக் கணக்கிலே தொழிலாளியின் மனைவி, கைம்பெண், வழக்குக்கு இழுக்கப்பட்டாள். ஒரு பக்கம் கம்பெனியின் ஆள். மறு பக்கம் கத்தரிக்கோலை நம்பி வாழ்ந்த குடும்பத்தின் ஏழைப் பெண். அந்நாளைய கோட்டைத் தலைவர் ஹாஸியஸ் யார் பக்கம் சாய்ந்தார் என்று நான் சொல்ல வேண்டுமா? சீகன்பால்க் அந்தப் பெண்ணுக்காகப் பேசினார். 'எவனோ ஒரு வெள்ளையன் ஏழைக்காகப் பேசுவதா? நம் அதிகாரம் என்னாவது?' என்று எண்ணினார்கள் போலும். 1708ஆம் ஆண்டின் இறுதியிலே பிடித்து உள்ளே போட்டார்கள். நான்கு மாதம்!

கோட்டையிலே இந்தக் கதையைக் கேட்கும்போது சிறைப்பட்டவர் பெயரைச் சொன்னார்கள்; சிறை வைத்தவர் பெயரைச் சொன்னார்கள். "அந்த அம்மாவின் பெயர் என்ன?" என்று எங்கள் சுமைத் தொழிலாளித் தோழர் கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. முந்நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பெயர் நிற்கிறவர்கள் நிற்கிறார்கள். வழக்குக்குக் காரணமான ஏழையின் பெயர் மட்டும் மணலிலே எழுதிய எழுத்தாக மறைந்துவிட்டது!

மணலிலே எழுதியது மறையும். ஈயத்திலே வார்த்தது நிற்கும்

மணலிலே எழுதிய எழுத்து என்றேன். அதற்கும் இந்த ஊரிலே ஒரு கதை உண்டு. தமிழ் கற்க விரும்பிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பள்ளி நடத்தச் சொன்னார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலிலே விரலால் 'அ' எழுதிப் படித்தார். கற்றுக் கொடுத்தவர் யார்? நம் ஊர்த் திண்ணை வாத்தியார். கூட இருந்து எழுதிக் காட்டியவர்கள் யார்? நம் ஊர்க் குழந்தைகள்.

பிறகு 1712இலே அச்சுப்பொறி கப்பலேறி வந்தது. அடுத்த ஆண்டிலே ஜெர்மனியின் ஹாலே நகரத்திலே வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. 1714, 1715 ஆண்டுகளிலே புதிய ஏற்பாடு தமிழிலே அச்சாகி வெளிவந்தது. தமிழ் முதன்முதல் அச்சேறியது இங்கேதான் என்று சிலர் மேடையிலே முழங்குகிறார்கள், அது சரியல்ல. 1578இலேயே கொல்லத்திலே தமிழ் நூல் அச்சானது. 1586இலே புன்னைக்காயலிலே அச்சானது. ஆனால் அந்த முயற்சிகள் தொடரவில்லை. விட்டுப்போன சங்கிலியை மீண்டும் பிணைத்த பட்டறை தரங்கம்பாடி.

ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. சிறிய எழுத்து வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். தாள் போதவில்லை, பக்கத்துப் பொறையாறிலே காகித ஆலை அமைத்தார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் அச்சகத் தோழர் முகத்திலே ஒரு மலர்ச்சி! "எழுதினவரைப் புகழ்கிறோம். அச்சடிக்கச் சொன்னவரைப் புகழ்கிறோம். ஈயத்தை உருக்கினவன் கை வெந்திருக்காதா? ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவன் கண் பழுதாகியிருக்காதா?" என்றார். உண்மைதானே! இன்று காலை தேநீர்க் கடையிலே இந்த ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க நால்வர் கேட்கிறீர்களே, அந்தப் பழக்கத்துக்கு வேர் தேடினால், இந்தக் கடற்கரைப் பட்டறையிலே ஈயப்புகையில் இருமிய பெயர் தெரியாத தொழிலாளியிடம் போய் நிற்கும்!

ஊரை விற்றான்; ஊராரைக் கேட்டானா?

225 ஆண்டு ஆண்டார்கள். வாணிகம் நொடித்தது. 1845இலே டென்மார்க்குக்காரன் தரங்கம்பாடியையும், வங்காளத்திலே இருந்த சேராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டான். மாட்டை விற்பவன் கூடப் புல் போடுவானா என்று கேட்டு விற்பான். வீட்டை விற்பவன் குடியிருப்பவனுக்கு ஒரு சொல் சொல்லுவான். இங்கே ஓர் ஊரே கைமாறிற்று; நெய்தவனைக் கேட்கவில்லை, வலை வீசியவனைக் கேட்கவில்லை. நேற்று ஒரு கொடி. இன்று வேறு கொடி. வரி வாங்கும் கை மாறியது. வரி கொடுக்கும் கை மாறவில்லை.

இந்த விற்பனைப் பத்திரத்தை நினைத்துக்கொண்டே கடலைப் பார்த்தோம். கடல் தன் பங்குக்கு ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது. மாசிலாமணி நாதர் கோவிலின் முன்பகுதியை அலை அடித்துக் கொண்டு போனது பழைய கதை. அண்மைக் காலத்திலேதான் அதைத் திருத்திக் கட்டினார்கள். கரையைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லிடுக்கிலே நீர் சுழலும்; அங்கே குளிக்க இறங்குவது உயிருக்கு ஆபத்து. போகிறவர்கள் நினைவிலே வையுங்கள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம். அந்த நாளை நான் விவரிக்கவும் வேண்டுமோ? அன்றைய நாகை மாவட்டத்திலே மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். தரங்கம்பாடி அப்பொழுது அந்த மாவட்டத்திலேதான் இருந்தது. கோட்டை நின்றது, குப்பம் அழிந்தது. கல் தாங்கியது; குடிசை தாங்குமா?

அதற்குப் பிறகு வந்த அரசு ஆணை, கடலிலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் போகிறவர்களுக்கு இலவச வீடு என்றது. அதற்குள்ளேயே இருக்க விரும்புகிறவர்கள் தம் செலவிலே பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது என்றது. பாதுகாப்பு கருதிச் சொன்னது. தவறென்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தாமே விரும்பித் தள்ளிப் போனதும் உண்டு. ஆனால் பெரியவர் கேட்ட கேள்வியையும் கேளுங்கள்.

"உசுரைக் காப்பாத்தத் தள்ளி வீடு குடுத்தாங்க, நல்லதுதான். நானும் அங்கதான் இருக்கேன். ஆனா வீட்டுல இருந்து பாத்தா கடலு தெரியல. காத்து எப்ப மாறுது, நீரோட்டம் எப்படிப் போவுதுன்னு படுத்த எடத்துல இருந்தே காது சொல்லும் எங்களுக்கு. இப்ப ராத்திரி எந்திரிச்சு நடந்து வந்து பாக்கணும். அது பரவால்ல. நாங்க காலி பண்ணின கரையில நாளைக்கு ஒரு பெரிய விடுதி வந்துச்சுன்னா, அவங்களுக்கு மட்டும் அலை அடிக்காதா தம்பி?"

விடை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இந்தியக் கடற்கரை முழுவதுக்கும் கட்டட ஒழுங்கு வகுத்த அறிவிக்கை 1991இலே வந்தது, 2011இலே மாறியது, 2019இலே மீண்டும் மாறியது. ஒவ்வொரு முறையும் சட்டப் புத்தகத்திலே கோடு நகர்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தொழிலாளி வீடா, அந்தப் பக்கம் பணக்காரன் விடுதியா என்பதுதான் கேள்வி. பழைய கோட்டையைக் காக்க வேண்டும், மறுக்கவில்லை. படகை இழுத்து நிறுத்தும் மணலையும் வலை உலர்த்தும் இடத்தையும் காக்க வேண்டாமா? நானூறு ஆண்டுக் கல் வரலாறு என்றால், அதற்கும் முன்னிருந்து நடந்துவரும் தொழில் வரலாறு ஆகாதா?

கப்பலேறியவர்களின் கரை

பெரியவரிடம் விடைபெற்றுத் தெற்கே பேருந்து ஏறினோம். வழியிலே காரைக்கால். பிரஞ்சுக்காரன் ஆண்ட ஊர். 1848இலே பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டக்காரனுக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் மக்களைக் கப்பலேற்றினார்கள். 1853இலே மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 1854இலே குவாதலூப் தீவுக்கு. அடிமை என்ற பெயர் போய் ஒப்பந்தக் கூலி என்ற பெயர் வந்தது. பெயர் மாறினால் கரும்பு தானாக வெட்டுப்படுமா?

அதற்கும் தெற்கே நாகப்பட்டினம். சோழர் காலத் துறைமுகம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் இராசராசன் காலத்திலே இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுப்பினான்; அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டது. அதைச் சொல்லும் செப்பேடுகள் ஐரோப்பாவுக்குப் போய், 'லைடன் செப்பேடு' என்ற அந்நிய ஊரின் பெயராலேயே அறியப்படலாயின. மாலுமிகளுக்கு வழிகாட்டியாக நின்ற பழைய செங்கல் கோபுரத்தை 1867இலே இடித்துத் தள்ளினார்கள். 1856 தொடங்கி இந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கு மேல். கோபுரம் போயிற்று, குழிக்குள்ளே கிடந்தவை சான்று சொல்ல எழுந்து வந்தன!

ஆனால் எங்கள் தோழர்கள் அங்கே தேடியது வேறொன்று. மலாய் நாட்டு இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி திரட்டிய கூட்டம் கப்பலேறிய துறைமுகம் இது. 1926இலே கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலைத் தஞ்சைப் பகுதிப் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கலாம். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். கரையோரம் ஆழமில்லை, கப்பல் தொலைவிலே நிற்கும். மூட்டையோடும் பிள்ளையோடும் சனங்களைப் படகிலே ஏற்றி, அலையிலே தள்ளாடிக்கொண்டு போய்க் கப்பலிலே சேர்ப்பார்கள். எங்களோடு வந்த பணிமனைத் தோழர் ஒருவர் வெகு நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க தாத்தாவோட அண்ணன் இங்கருந்துதான் போனாராம். திரும்பி வரல" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரயிலும் இந்த ஊருக்கு முன்பே வந்துவிட்டது. 1861இலே நாகையிலிருந்து தஞ்சைக்குப் பாதை போட்டார்கள். தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை இங்கே இருந்தது. 1920களின் பிற்பகுதியிலே அதைத் திருச்சிப் பொன்மலைக்கு மாற்றினார்கள். மாற்றும் சாக்கிலே தேர்வு வைத்து ஆட்குறைப்பு! 'இத்தனை ஆண்டு எஞ்சினைக் கழற்றி மாட்டிய கைக்கு இப்பொழுது தேர்வா?' என்று கொதித்தார்கள் தொழிலாளர்கள். 1928 ஜூலையிலே தென்னிந்திய இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம். பத்து நாள் சக்கரம் சுழலத் திணறியது. அடக்குமுறை பாய்ந்தது. அந்தப் போராட்டத்துக்காகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டவர்களிலே ஒருவர், அறுபத்தெட்டு வயது முதியவர் சிங்காரவேலர்! மேல்முறையீட்டிலே தண்டனை குறைந்து 1930இலே வெளியே வந்தார்.

அந்தச் சிங்காரவேலர் யார்? சென்னையிலே, மீனவர் குடியிலே பிறந்தவர். 1923 மே முதல் நாள் இந்தியாவிலே முதன்முதலாகத் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடியவர். எங்கே கொண்டாடினார்? மாளிகையிலா, மண்டபத்திலா? சென்னைக் கடற்கரையிலே! மண்டபத்துக்கு வாடகை வேண்டும், மணலுக்கு வேண்டாம். கூரைக்குக் காவலாளி உண்டு, வானத்துக்கு இல்லை. வலை காயும் இடத்திலே தொழிலாளியின் கொடியை அவர் ஏற்றினார். கரை தொழிற்கூடம் என்பதைப் பெரியவர் எங்களுக்குச் சொன்னார். கரை தொழிலாளியின் சபை என்பதைச் சிங்காரவேலர் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்!

தோழர்களே, இப்பொழுது சொல்லுங்கள்: கடற்கரை ஊரிலே நமக்கு என்ன இருக்கிறது? எல்லாம் இருக்கிறது! துணி நெய்தவன், சுண்ணாம்பு சுமந்தவன், எழுத்து வார்த்தவன், கூலியாய்க் கப்பலேறியவன், எஞ்சின் கழற்றியவன், கணக்குக் கேட்கப்பட்ட கைம்பெண் — இத்தனை உறவினர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதிய பலகை இல்லை. பார்க்கப் போகிற நாம்தான் பலகை!

ஆகவே போங்கள். உங்கள் கிளையிலே பத்துப் பேர் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிறு, ஏதேனும் ஒரு பழைய கடற்கரை ஊருக்குப் போங்கள். துணைவியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஏழாம் நாளிலும் அடுப்படியிலே உழைக்கிறவருக்கு ஓய்வு வேண்டாமா? கிழக்குக் கரை வெயில் கடுமை. விடியலிலே போய்ச் சேருங்கள். அறியாத கடலிலே இறங்காதீர்கள். கண்ணாடிப் புட்டிகளை மணலிலே போடாதீர்கள். வெறுங்காலோடு படகு தள்ளுகிறவனின் பாதத்திலே உங்கள் உல்லாசம் குத்தக்கூடாது. மீன் வாங்கினால் அந்தத் தாய்மாரிடம் அடித்துப் பேரம் பேசாதீர்கள். கோட்டையிலே விளக்கம் சொல்லுகிறவரிடம், "கட்டியவர் யார்?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை வராவிட்டாலும் கேளுங்கள். பலமுறை கேட்ட கேள்விக்குத்தான் ஒருநாள் விடை வரும்.

நாங்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பேருந்து மீண்டும் தரங்கம்பாடி வழியே வந்தது. இறங்கித் தேநீர் குடித்தோம். காலையிலே வலைமேல் நின்ற இளந்தோழர் எங்களை விட்டு எங்கோ ஓடினார். தேடிப் போனோம். மணலிலே பெரியவர் பக்கத்திலே உட்கார்ந்து, வலையின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கடைசிக் கண்ணியைப் பின்னிக் கொண்டிருந்தார்.

செருப்பு இரண்டும் தொலைவிலே, மணலுக்கு வெளியே, கழற்றி வைக்கப்பட்டிருந்தன.